மார்வின் பேரில்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் நிற்காது. கிறிஸ்தவர்கள் அன்று கறியைத் தொடமாட்டார்கள். அதற்காக நாக்கை அடக்கிவிடுவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆட்டுக்கறியைத் துறந்த புண்ணியத்தை அன்றைக்கே தெங்கிரி என்கிற வஞ்சிர மீனிலும் இறாலிலும் வட்டியோடு எடுத்துக்கொள்வார்கள். மீன் கடை முதலாளி சேக் தாவூதுக்கு இதில் ஆண்டுதோறும் ஒரு சந்தோஷம். உங்கள் ஆட்கள் விரதம் இருந்தால் என் வயிறு நிறைகிறது என்று கடையில் மீன் வெட்டும் லாசரஸைச் சீண்டுவார். லாசரஸும் ஆண்டுதோறும் அதைப் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்துவைப்பார்.

சிரிக்க நேரம் கிடைத்தால்தான். ஜூரோங் மீன் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பும் தாவூதின் லாரி, விடிவதற்கு முன்பே லாசரஸ் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து ஹாரன் அடிக்காமல் நிற்கும். சந்தையில் இறங்கியதும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஐஸ் பெட்டிகளைக் கவிழ்க்க வேண்டும். ஐஸை நசுக்கி, மேடையில் பரப்பி, மீன்களைக் கண் தெரிகிற மாதிரி அடுக்கி முடிப்பதற்குள் விரல் நுனிகள் மரத்துப்போகும். அதன் பிறகுதான் வெட்டு. செதில் சீவ வேண்டும், செவுளைப் பிடுங்க வேண்டும், வயிற்றைக் கீறிக் குடலை எடுக்க வேண்டும். குழம்புக்கு ஒரு கனம், பொரிக்க ஒரு கனம். சீனத்து அம்மாவுக்குத் தலை உடையாமல் வேண்டும். கேரளத்து நர்ஸுக்குத் தலையைக் கண்ணில் காட்டக் கூடாது. மதியம் வரைக்கும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கீழே ஓடுகிற தண்ணீர் பூட்ஸுக்குள் எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும்.

அறுபத்தொன்பது வயதில் செய்கிற வேலை இல்லை இது. லாசரஸ் ஜூரோங் கப்பல் பட்டறையில் கப்பல்களுக்குச் சாயம் அடித்தே இடுப்பைத் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவரோடு ஓய்வு பெற்றவர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்து கால்பந்து பேசுகிறார்கள். இவர் மீன் குடலை உருவிக்கொண்டிருந்தார். கோயில் பங்கில் கேட்பவர்களிடம் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று சொல்லிவைத்திருந்தார்.

சம்பளத்தை ரொக்கமாக வாங்குவார். மீன் கடை ரொக்கத்தில் ஈரமும் செதிலும் இருக்கும். வங்கியின் பணம் போடும் இயந்திரம் அதைக் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு வெளியே துப்பிவிடும். ஆகவே நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்புத் தண்ணீரில் துடைத்து, காற்றாடிக்கு அடியில் பரப்பிவைத்து, மறுநாள் போய்ப் போடுவார். பணம் போய்ச் சேர்வது மகன் மார்வினின் கணக்குக்கு. அங்கிருந்து மாதா மாதம் ஐந்தாம் தேதி அது தானாகவே பெதானியின் கணக்குக்குப் போய்விடும். பெதானி மார்வினின் முன்னாள் மனைவி. மகள் டானியலாவின் செலவுக்கு அப்பன் இவ்வளவு தரவேண்டும் என்று விவாகரத்தின்போது நீதிமன்றம் விதித்த தொகை அது. அப்பன் தரவில்லை. அப்பனுக்கு அப்பன் தந்தார். ஆனால் நீதிமன்றத்தின் கண்ணுக்கும் பெதானியின் கண்ணுக்கும் தருகிறவன் மார்வின்தான்.

மார்வினுக்கு வேலை கிடைக்கவில்லை என்றோ உடம்புக்கு முடியவில்லை என்றோ யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது. மின்தூக்கி பழுது பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன். கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். தீவு முழுக்க மின்தூக்கி இல்லாத புளோக் ஏது? விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுமாதம் அவனாகவே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். பழைய சூப்பர்வைசர் வடிவேலு இன்னும் வீட்டுக்குப் போன் போட்டு, எப்போது வேண்டுமானாலும் வா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலையை விட்ட அன்று லாசரஸ் காரணம் கேட்டார். மார்வின் கூச்சமில்லாமல் சொன்னான்.

"நான் சம்பாதிச்சா அவளுக்குத்தான்ப்பா போவும். நான் எதுக்கு லா வேர்வை சிந்தணும்? சம்பளமே இல்லாதவன்கிட்ட கோர்ட்டு எதைப் புடுங்கும்?"

"அவளுக்கு இல்லடா. ஒம் பிள்ளைக்கு."

"பிள்ளையை யாரு கூட்டிட்டுப் போனா? அவதானே. அவளே பாத்துக்கட்டும்."

லாசரஸ் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஓங்கி ஒன்று வைத்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் அவர் பங்கில் ஏழைகளுக்கு அரிசி பருப்பு கொடுக்கும் சபைக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்மாவு தூக்கிக்கொண்டு போனவரின் சொந்தப் பேத்தி காசில்லாமல் நிற்கிறாள் என்று நாளைக்கு யாராவது பேசினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? தன் பேரில் அனுப்பினாலும் அப்பன் எங்கே என்று கேட்பார்கள். மகன் பேரில் போனால் மானம் தப்பும், பேத்தியும் அப்பனை வெறுக்கமாட்டாள். மகனுக்கு இரண்டு மாதத்தில் புத்தி வந்துவிடும், அதுவரை சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். இரண்டு வருடம் ஓடிவிட்டது. சுமக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குப் புத்தி ஏன் வரவேண்டும்?

மார்வின் சும்மாவும் இருக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். காலையில் குளித்து, அம்மா பொரித்துவைத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவான். மைக் கரகரத்தால் மார்வின், மண்டபத்துக் காற்றாடி நின்றுபோனால் மார்வின், மாதா திருவிழாவுக்குச் சப்பரத்தில் விளக்கு கட்ட மார்வின். எதற்கும் ஒரு காசு வாங்கமாட்டான். கொடுத்தாலும் உண்டியலில் போடச் சொல்லிவிடுவான். பங்கில் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். குடும்பம் உடைந்தாலும் ஆண்டவரைப் பிடித்துக்கொண்ட பிள்ளை என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் பிலோமினம்மாளிடம் சொல்வார்கள். பிலோமினம்மாள் லாசரஸின் மனைவி. அந்தப் பேச்சு ஒரு வாரத்துக்குத் தாங்கும் அவளுக்கு. பிள்ளை மனசு ஒடிந்துபோய்க் கிடக்கிறான், தானாக எழுந்திருப்பான், யாரும் அவனை நச்சரிக்கக் கூடாது என்பது அவள் கட்சி. வீட்டில் அந்தக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு கெளுத்தி மீன் லாசரஸின் வலது கையில் முள்ளை ஏற்றியது. மீன் வெட்டுகிறவனுக்கு முள் குத்துவது புதிதா? தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் விரல் வீங்கியது. அதற்கடுத்த நாள் முழங்கை வரை சிவந்து, காய்ச்சலில் பல் கிடுகிடுத்தது. தாவூதுதான் கடையை அப்படியே போட்டுவிட்டு டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் விரல் போயிருக்கும் என்றார் டாக்டர். சில மாதங்களுக்குக் கை தண்ணீரில் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கை படாவிட்டால் சம்பளம் இல்லை. முதல் மாதம் பணம் போகவில்லை. மார்வின் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் மாதமும் போகவில்லை. அப்போதுதான் பெதானி வந்தாள்.

அவள் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. வேலை முடிந்து அப்படியே கோழிக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மார்வின் வழக்கம்போல வீட்டில் இல்லை. பிலோமினம்மாள் கஞ்சியை வாங்கிச் சமையலறையில் வைத்துவிட்டு, வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். பெதானி லாசரஸின் கட்டைப் பார்த்து, வலிக்கிறதா என்று விசாரித்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, மார்வினுக்கு ஏதாச்சும் பிரச்சனையா? ரெண்டு மாசமா காசு வரல."

லாசரஸ் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சண்டை போட வரல மாமா. அவரைப் பத்தி டானியலாகிட்ட நல்லதாச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமே கெடையாது. இந்த ஒண்ணுதான் இருந்துச்சு. டாடி ஒன்னப் பாக்க வராட்டியும் மறக்கல பாரு, மாசா மாசம் கரெக்டா அனுப்புறாருன்னு போனைக் காட்டுவேன். மெசேஜ்ல அவரு பேரு வரும்ல, அதை அவ தொட்டுப் பாப்பா. புதுநன்மை கவுன்கூட அந்தக் காசுலதான் எடுத்தேன். டாடி வாங்கிக் குடுத்ததுன்னு கிளாஸ் பூரா சொல்லிட்டுத் திரியுறா."

 சொல்லிவிடலாம். நான்தான் அனுப்பினேன், கை இப்படி ஆகிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று நாலே வார்த்தையில் முடிந்துவிடும். வாசற்படியில் நின்ற பிலோமினம்மாள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவர் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், வந்துவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார். பெதானி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கஞ்சியை அவரால் சாப்பிட முடியவில்லை.

புதுநன்மை ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகள், பையன்கள் கழுத்தில் டையும் பெண் பிள்ளைகள் தலையில் வெள்ளைப் பூக்கிரீடமுமாக வரிசையில் நின்றார்கள். டானியலாவின் கவுனில் கையில் சரிகை வேலை, இடுப்பில் அகலமான பட்டு நாடா. அதன் விலையை லாசரஸ் மனத்துக்குள் மீன் பெட்டிகளாக மாற்றிப் பார்த்தார், பிறகு அப்படி நினைத்ததற்காகவே வெட்கப்பட்டார். பிள்ளை அழகாக இருந்தாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பூசை முடிந்து மண்டபத்தில் விருந்து. மார்வின் ஏணியில் நின்று மண்டப மேடைக்கு மேலே எரியாமல் போன விளக்கை மாற்றிக்கொண்டிருந்தான். டானியலா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியடிக்கு ஓடினாள்.

"டாடி, தேங்க்யூ ஃபார் த டிரஸ். ரொம்ப அழகா இருக்கு."

லாசரஸ் தட்டோடு பக்கத்தில்தான் நின்றார். மகன் என்ன சொல்வான் என்று பார்த்தார். ஒரு கணமாவது தடுமாறுவான், தன் பக்கம் திரும்பிப் பார்ப்பான், குறைந்தபட்சம் காது சிவக்கும் என்று எதிர்பார்த்தார். மார்வின் ஏணியிலிருந்து குனிந்து மகளின் கிரீடத்தைத் தட்டிக்கொடுத்தான்.

"ஓகே லா. நைஸ். நல்லா ஜெபம் பண்ணு."

அவ்வளவுதான். திரும்ப விளக்குக்குப் போய்விட்டான். சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லாசரஸ் தட்டைக் கீழே வைத்தார். காசு கொடுக்காதவனை அவர் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார். கொடுக்காததற்கு நன்றி வாங்கிக்கொள்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தார். தனக்குப் பிறந்தவன் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

மூன்றாம் மாதமும் பணம் வராமற்போகவே பெதானி நீதிமன்றத்துக்குப் போனாள். மார்வின் அலட்டிக்கொள்ளவில்லை. அவனும் பதிலுக்கு ஒரு மனுப் போட்டான். இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன், வங்கிக் கணக்கைப் பாருங்கள். வெளியே சில்லறை வேலை செய்து கட்டினேன், இப்போது அந்த வேலையும் இல்லை, பெற்றோர் சோறு போடுகிறார்கள். ஆகவே தொகையைக் குறைக்க வேண்டும் என்றான். மானத்தைக் காப்பாற்ற லாசரஸ் கட்டிய பொய்யை எடுத்து மகன் கேடயமாகப் பிடித்துக்கொண்டான். பொறுப்பான அப்பன், பாவம், கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. யார் பார்த்தாலும் நம்புவார்கள்.

அதற்குச் சாட்சி வேண்டும். இரவுச் சாப்பாட்டில் மார்வின் சாதாரணமாகக் கேட்டான்.

"ப்பா, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். நான் வீட்லதான் இருக்கேன், வேலை இல்ல, நீங்கதான் சோறு போடுறீங்க. எல்லாம் உண்மைதானே? முந்தி அனுப்புனது என் சைட் ஜாப் காசுன்னு மட்டும் சொல்லுங்க."

"அது உண்மையாடா?"

"ஒங்க காசு என் காசுன்னு என்னப்பா இருக்கு? எல்லாம் நம்ம வீட்டுக் காசுதானே லா."

பிலோமினம்மாள் மகனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். பெற்ற பிள்ளையைக் கோர்ட்டில் காட்டிக்கொடுக்கிற தகப்பன் உலகத்தில் உண்டா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பெதானிக்குச் சம்பளம் இருக்கிறது, அவள் சமாளித்துக்கொள்வாள், நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். அன்றிலிருந்து விசாரணை நாள் வரை இதையே காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் சொன்னாள்.

லாசரஸ் சும்மா இருக்கமுடியாமல் தேக்காவுக்குப் போய்த் தாவூதின் கடையோரம் நின்றார். அவர் இடத்தில் ஒரு புது ஆள் வெட்டிக்கொண்டிருந்தான். தாவூது தேத்தண்ணி வாங்கிக்கொடுத்துக் கதையை முழுக்கக் கேட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்.

"நீங்க நாறுனது போதும் அண்ணே. அவனும் கொஞ்சம் நாறட்டும்."

விசாரணை அன்று மழை கொட்டியது. அப்பாவும் மகனும் ஜூரோங்கிலிருந்து ஒரே ரயிலில் போனார்கள். சைட் ஜாப் என்று கேட்டால் என்ன வேலை என்று சொல்லவேண்டும், எந்த ஏரியா என்று சொல்லவேண்டும் என்று மார்வின் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தான். லாசரஸ் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். மகனுக்குச் சளி பிடித்திருந்தது. ஈரச் சட்டையோடு குளிரூட்டிய அறையில் உட்காரப் போகிறானே என்று அந்த நேரத்திலும் அவர் மனது கிடந்து அடித்துக்கொண்டது. பெற்ற மனம் என்பது அவ்வளவு கேவலமான சாமான்.

அவர் தமிழில் பேசக் கேட்டிருந்ததால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்திருந்தார். இளம் வயது. செய்தி வாசிப்பவர்போலத் தாங்கள் தாங்கள் என்று பேசினார். நீதிபதி அம்மாவுக்குப் பெதானி வயதுதான் இருக்கும். எதிர் வரிசையில் பெதானி தனியாக உட்கார்ந்திருந்தாள். தங்கள் புதல்வர் கடந்த இரண்டு ஆண்டுகளாக எந்தப் பணியின் மூலம் வருமானம் ஈட்டினார் என்று கேட்கப்பட்டது.

லாசரஸ் பெதானியைப் பார்த்தார்.  மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பச் சொன்னார். மார்வின் அப்பாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். ஏணியடியில் டானியலாவின் கிரீடத்தைத் தட்டிக்கொடுத்த அதே அமைதியான முகம்.

"அவன் சம்பாதிக்கலைங்க," என்றார் லாசரஸ். "நான் மீன் வெட்டிக் கட்டுனேன். அவன் கணக்குல போட்டு அவன் பேர்ல அனுப்புனேன். அவனுக்கு வேலை தெரியும். இன்னிக்கும் கூப்புடுறாங்க. அவன்தான் போவமாட்டேங்கிறான்."

சொன்னதோடு தீரவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, தன் வீட்டு அசிங்கத்தை அவர் இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது. இங்கிலீஷில் அது இன்னும் சுத்தமாகக் கேட்டது. பெதானி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

நீதிபதி நீட்டி முழக்கவில்லை. கையில் தொழில் இருக்கிறது, தொழிலுக்கு ஆளும் தேடுகிறார்கள். முடியாமல் இருப்பது வேறு, மாட்டேன் என்பது வேறு என்றார். தொகையில் ஒரு காசு குறையாது. பாக்கியைத் தவணையில் கட்டவேண்டும், தவறினால் சிறைக்கும் போகவேண்டியிருக்கும்.

வெளியே வந்ததும் மகன் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று லாசரஸ் தயாராக இருந்தார். அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தார். மார்வின் கத்தவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்று அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினான்.

"ஆறிடுச்சுதானே ப்பா?"

இத்தனை மாதத்தில் மகன் அந்தக் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. லாசரஸின் கண் கலங்கிவிட்டது. ஆறிவிட்டது, கொஞ்சம் விறைப்பு மட்டும் இருக்கிறது என்றார்.

"அப்ப தாவூது பாய் கடைக்கு எப்ப போறீங்க? மொதல் தவணை அடுத்த மாசமே கட்டணுமாம்."

அவர் கையை உருவிக்கொண்டார். 

"இனிமே என் கையால ஒன் பேர்ல ஒரு வெள்ளிக் காசு போவாதுடா."

"ஓகே லா," என்றான் மார்வின். கோபமே இல்லை. "அப்ப ஜெயிலுக்குப் போறேன். அங்கயும் சோறு போடுவாங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி பார்க்க ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, மழையிலேயே இறங்கி நடந்தான்.

பெதானி தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். லாசரஸ் அவளிடம் போனார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க மாமா, தெரியும்," என்றாள் அவள்.  "ஆனா ரெண்டு வருஷமா இல்லாத ஒரு அப்பனை எம் பிள்ளைக்குக் காட்ட வச்சுட்டீங்களே. நான் என் வாயால சொன்னேன், டாடி மறக்கலன்னு. நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். ஒரு தடவ, திரும்பப் போயிடலாமான்னுகூட நெனச்சேன். தெரியுமா ஒங்களுக்கு?"

லாசரஸுக்குத் தெரியாது. 

"நான் சும்மா இருந்தா அவ அடுத்த மாசமும் போனை எடுத்து அந்தப் பேரைத் தேடுவா. வேற யாரோ சொல்லி அவளுக்குத் தெரியறதுக்கு முன்னால நீங்க சொல்லிடுங்க. ஒங்களால முடிஞ்சா தாத்தாவா ஏதாச்சும் குடுங்க, வேணாம்னு சொல்ல மாட்டேன். அவரு பேர்ல வேணாம். சனிக்கிழமை தேக்காவுக்குக் கூட்டிட்டு வரேன்."

வீட்டில் பிலோமினம்மாள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள். ஞாயிறு பூசையில் மார்வினுக்கு வந்த சோதனைக்காகச் சிறப்பு மன்றாட்டு வைக்கப் போவதாகப் பேச்சு. பங்கில் இரண்டொருவர் லாசரஸைக் கண்டதும் பாதை மாறினார்கள். வடிவேலு வழக்கம்போலப் போன் போட்டார். மார்வின் வழக்கம்போல எடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடமில்லை. பெதானி மகளை அவரிடம் விட்டுவிட்டு, மேல்மாடியில் தையல் கடையில் வேலை இருப்பதாகப் போய்விட்டாள். லாசரஸ் ஒரு மூலையில் மேசை பிடித்து, டானியலாவுக்குப் பிடித்த ஆப்பம் வாங்கிவந்தார். ஆப்பத்துக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பூவும் ஆரஞ்சு நிறச் சீனியும். அவள் சீனியை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே பள்ளிக் கதை சொன்னாள். நெட்பால் குழுவில் சேர்த்துக்கொண்டார்களாம். கோச் ரொம்பக் கண்டிப்பாம். எந்த இடத்தில் குறுக்கே புகுவது என்று லாசரஸுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னார்.

"டானியலா, அம்மாவுக்கு மாசா மாசம் காசு வந்துச்சுல்ல, அது டாடி அனுப்புனது இல்லம்மா. தாத்தாதான் டாடி பேரைப் போட்டு அனுப்புனேன்."

அவள் விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

"எல்லா மாசமுமா?"

"எல்லா மாசமும்."

"என் புதுநன்மை டிரஸ்?"

"அதுவுந்தான்."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தது. இடத்துக்கு வேறொரு குடும்பம் பாய்ந்தது. டானியலா அவர்கள் உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பயந்து லாசரஸ் டிஷ்யூவைக் கையில் எடுத்துவைத்திருந்தார். அவள் அழவில்லை. பள்ளியில் கணக்குப் போடுகிற பிள்ளைபோல நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. விடை கிடைத்துவிட்டது அவளுக்கு.

"டாடிக்கு உடம்பு சிக்கா தாத்தா? அதான் வேலைக்குப் போக முடியலயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைக்கு மனம் ஆறிவிடும். ராத்திரி ஜெபத்தில் டாடிக்குச் சுகம் கேட்பாள். பிலோமினம்மாளும் பேச ஆரம்பித்துவிடுவாள். அந்த வார்த்தை லாசரஸின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு வருடம் பழகிய நாக்கு.

"இல்லம்மா," என்றார். "நல்லாத்தான் இருக்கான்."

டானியலா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.  அவள் அவர் கையிலிருந்த டிஷ்யூவை வாங்கி, விரலில் ஒட்டிய சீனியைத் துடைத்தாள். மிச்ச ஆப்பத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள்.